சடங்குப் பந்தலும் பள்ளி வாங்கும்

பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள் என்றதும் நம் யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் மூடப்படுவது அவளது புத்தகமே. துடக்கென்று அறைக்குள் இருத்துகின்றோம். குற்றம் எதுவும் சாட்டப்படாத ஒருத்திக்கு இந்த விளக்கமறியல் எந்த நீதியின்பாற்பட்டது? ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பினால் எவரேனும் பள்ளியை நிறுத்துகின்றனரா? பின்னர், கனடாவிலிருந்து மாமன் வந்திறங்கியதும் மீண்டும் புடைவை, படப்பிடிப்பு, மண்டபம் என்று நாட்கள் பறிபோகின்றன.

இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 2016இன் ஒழுங்குவிதி, 16 வயதுவரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் பெற்றோரின் கடமை என்றது. அக்கடமையை ஒத்திவைக்கும் அதிகாரத்தைச் சோதிடருக்கு அளித்தவர் யார்?

மரபு என்பர். மரபு கேட்பது ஒரு காலை நீராட்டும் ஆலத்தியும் மாமன் கைப் புடைவையுமே. மண்டப வாடகை எந்த மரபு? வெங்காயம் விற்ற காசு போதாமல் காணியை ஈடு வைக்கும் கமக்காரரை நாம் அறிவோம். ஈட்டுறுதி எழுதுவோர் எம் தொழிலினரே! படித்தோரோ திருந்தியபாடில்லை, அழைப்பிதழ் அச்சிடுவதில் வைத்தியரும் பொறியியலாளரும் கமக்காரரை முந்துகின்றனர்.

நீராட்டுங்கள், விருந்திடுங்கள், தவணை விடுமுறையில் செய்யுங்கள். உடல் இடங்கொடுத்த மறுநாளே பிள்ளை தன் வாங்கில் அமரட்டும்.