கோணல் நட்சத்திரம்

"நாலு வயதுப் பிள்ளை செய்யும் கிறிஸ்துமஸ் பரிசு கோணலாகத்தான் வரும், டீச்சரே முடித்துக் கொடுத்தால் பெற்றோருக்கு மகிழ்ச்சி, பிள்ளைக்கும் பெருமை." மும்பையில் தாராவியிலிருந்து செம்பூர் வரை கேட்கிற வாதம் இது.

ஒன்று: டீச்சர் செய்தது டீச்சரின் பரிசு. அதை அம்மாவிடம் நீட்டும் பிள்ளைக்கு எங்கிருந்து பெருமை வரும்? தன் கை போதாது என்றுதான் அது கற்கிறது.

இரண்டு: பொருள் வாங்கக் காசில்லை என்பார்கள். குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பால்வாடி என்ற பாலர் பள்ளியைத் தொடங்கினார். சிப்பி, கூழாங்கல், இலை, விதை போன்றவைதான் அங்கே பாடப்பொருளாக இருந்தன. குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவை வைத்துக்கொண்டு தாராவியில் களிமண்ணுக்கா பஞ்சம்? உருட்டி, கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் மெழுகுவத்திக் கிண்ணம். விளிம்பில் பதிந்த விரல் ரேகையைத் தேய்த்து அழிக்காதீர்கள்.

உதவவே கூடாதா? உதவுங்கள். கத்தரி பிடிக்கக் காட்டுங்கள், பசைக் கிண்ணத்தை அருகே நகர்த்துங்கள், காத்திருங்கள். நட்சத்திரத்தை நீங்களே வெட்டிக் கொடுக்காதீர்கள்.

எந்த அம்மா கோணல் நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்?