கட்டடம் பார்க்க யாரை அழைப்பது?

சில மாதங்களுக்கு முன், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை மஃரிபு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் என்னருகே வந்தமர்ந்தார். ஓரிக்கையில் சாலையோரமாக இருக்கும் பழைய மாடி வீடு ஒன்றை வாங்கிக் கீழே பட்டுச் சேலைக் கடையும், மேலே சரக்கு அறையும் அமைப்பது அவருடைய எண்ணம். தறியில் உழைத்துச் சேர்த்த பணமும், மனைவியின் நகைகளும் அதற்காக ஒதுக்கப்பட்டிருந்தன. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

"சர்வேயரை வைத்துப் பார்த்தாயிற்று ஹஜ்ரத். எல்லாம் சரியாக இருக்கிறதாம்" என்றார்.

"அவர் எதைப் பார்த்தார்?"

"மனையை அளந்தார். நான்கு எல்லையும் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கிறது."

"கட்டடத்தைப் பார்த்தது யார்?"

சற்றுத் தயங்கினார். "விற்பவரே தமக்குத் தெரிந்த பொறியாளரை அழைத்து வருகிறாராம். நமக்குச் செலவில்லை."

அன்புச் சகோதர சகோதரிகளே! நம்மில் பலர் தடுமாறும் இடம் இதுதான். 'சர்வேயர்' என்ற ஒரே சொல்லால் நாம் பலரை அழைக்கிறோம். நில அளவர் புலப்படத்தையும் பட்டாவையும் கொண்டு மனையின் எல்லையைச் சொல்வார். சுவரின் வலிமையைச் சொல்வது அவர் பணியன்று. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கொடுக்கும் கடனுக்குச் சொத்து ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்ப்பவர். கட்டடம் பாரத்தைத் தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளரே.

வீட்டைக் கடையாக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி, வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. சில்லறைக் கடைக்கு அது 400 கிலோ. சரக்கு அறைக்கோ அதனினும் மிகுதி. குடும்பம் ஒன்று முப்பது ஆண்டுகள் அச்சமின்றி வாழ்ந்த தளம், அலமாரிகளையும் சேலைக் கட்டுகளையும் தாங்கும் என்பதற்கு அந்த முப்பது ஆண்டுகள் சான்றாகா.

வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில் 'ரானா பிளாசா' என்ற எட்டு மாடி வணிகக் கட்டடம் இருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எனக் கட்டப்பட்ட அதில் ஆடைத் தொழிற்சாலைகள் குடியேறின. மேல் மாடிகள் முறையான அனுமதியின்றி எழுப்பப்பட்டன. 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் கண்டது. வந்து பார்த்த பொறியாளர் கட்டடம் ஆபத்தானது என்றார். மறுநாள் அங்கிருந்த வங்கியும் கடைகளும் திறக்கவில்லை. தொழிற்சாலைகளோ தொழிலாளரை உள்ளே அழைத்தன. அன்று காலையிலேயே கட்டடம் சரிந்து, 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சொல்வதற்கு ஆள் இருந்தார். கேட்பதற்கு மனம் இல்லை.

நம் பக்கத்திலும் இத்தகைய துயரம் நேர்ந்திருக்கிறது. அன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் குடியிருப்பு இடிந்து 61 உயிர்கள் பறிபோயின. அதன் அருகே நின்ற மற்றொரு கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கண்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஆகவே அந்தச் சகோதரரிடம் சில செய்திகளைச் சொன்னேன். பொறியாளரின் கட்டணத்தை நீங்களே கொடுங்கள்; விற்பவர் கொடுத்தால் அவருடைய நாவு விற்பவருக்கே கட்டுப்படும். விற்பனை முடிந்தால்தான் கூலி என்பவரையும், பழுதுபார்க்கும் வேலையைத் தமக்கே தரவேண்டும் என்பவரையும் தவிருங்கள். அவர் பதிவு பெற்றவரா என விசாரியுங்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கட்டமைப்புப் பொறியாளர்களுக்குப் பதிவு முறையை வகுத்துள்ளன. அங்கே என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தாமே நேரில் வந்து பார்த்து, பார்த்தது எது, பார்க்க இயலாதது எது என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.

அவ்வாறே செய்தார். பின்புறத் தூண்கள் இரண்டில் கம்பி துருப்பிடித்து வெடிப்பு விட்டிருப்பதாகவும், மாடியில் சரக்கு வைக்கலாகாது என்றும் அறிக்கை வந்தது. "வேண்டாம் என்று சொல்வதற்கா ஓர் ஆளுக்குப் பணம் கொடுத்தோம்?" என்று வீட்டில் வருந்தினார்களாம். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ஆனால் சில நாட்கள் கழித்து அந்த அம்மையாரே, "அந்தக் கடையில் நம் பிள்ளைதானே உட்கார்ந்திருப்பான்" என்றாராம். அவர்கள் இப்போது வேறோர் இடம் பார்த்து வருகிறார்கள்.

சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். உண்மைச் சாட்சி கசப்பாக வரும்போது அதை ஏற்பதும் நம் கடமையல்லவா? கடைக்குள் நிற்கப்போவது நாம் மட்டுமல்லர். கூலிக்கு வரும் பெண்ணும், சேலை எடுக்க வரும் குடும்பமும் நம்மை நம்பியே படியேறுகிறார்கள். எனவே, முன்பணம் கொடுத்த பின்னர் அல்ல, கொடுப்பதற்கு முன்னரே கட்டடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இழப்பு அந்தக் கட்டணத்தோடு நிற்கும், இன்ஷா அல்லாஹ்.