தொலை வைத்தியமும் வைத்தியர் உரிமையும்

ஆவடியை அடுத்த சேக்காட்டில் இருப்பவர், தூரத்து வைத்தியரைக் கைபேசி வாயிலாகக் கலந்தாலோசிப்பது இன்று சாத்தியமாகிவிட்டது. 2000-ல் ஆந்திர தேசத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோ நிறுவனத்தார் துவக்கிய இம்முறை, 2020 மார்ச் 25-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளால் சட்டத் தெளிவும் பெற்றது. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும், நாடி பிடித்துப் பாராமலும் வயிற்றைத் தொட்டறியாமலும் மருந்தெழுதும் வைத்தியர்மீது, நேரில் பார்ப்பவருக்குள்ள அதே பொறுப்பை விதிகள் சுமத்துகின்றன. சந்தேகமேற்பட்டால் நோயாளியை நேரில் வரச் சொல்லும் உரிமையையும் அவ்விதிகளே அளிக்கின்றன. அவ்வுரிமையே இருவருக்கும் காப்பு. மணிக்கு இத்தனை பேரென்று கணக்குக் கேட்கும் நிர்வாகம், சர்க்காருடையதாயினும் கம்பெனியுடையதாயினும், அக்காப்பைப் பறிப்பதாகும்.

நேரில் போகச் சொன்னால் போவதற்கு, அருகிலேயே ஆரம்ப சுகாதார நிலையமும் அதில் வைத்தியரும் இருத்தல் வேண்டும். திரை வைத்தியருக்குத் துணையேயன்றி அவருக்குப் பதிலாகாது.