பொது அளவும் நம் கடமையும்

பல திசைகளினின்றும் வந்தோர் ஓரிடத்துக் கூடித் தொழில் செய்ய வேண்டுமாயின், அவர்க்கு முதற்கண் வேண்டப்படுவது பொது அளவாகும். இதனை விளக்க வேற்று நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. மன்னாருக்குத் தெற்கேயுள்ள கொண்டச்சிக் குடாவே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முத்துக்குளிப்புக் காலங்களில் பாண்டி நாட்டுக் கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் குளிகாரரும் வணிகரும் அங்குத் திரண்டனர். மொழியும் சமயமும் பழக்கமும் வேறுபட்ட அவர்க்கு முத்தின் பருமனைக் கூற ஒரே முறை இருந்தது. ஒத்த பரப்புடைய பித்தளைச் சல்லடைகள் பத்து. அவற்றின் துளைகள் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளைகளின் தொகை கூடக் கூடத் துளை சிறுக்கும். ஒரு முத்து எச்சல்லடையில் தங்கியதோ அச்சல்லடையின் எண்ணே அம்முத்தின் வகுப்பு. அவ்வளவு எந்த ஒரு வணிகனுக்கும் உரியதன்று. வாங்குவோனும் விற்போனும் தத்தம் சல்லடையிலிட்டுச் சரிபார்க்கத் தக்கது. அந்நியர் அந்நியரை நம்புதற்கு அதுவே வழியாயிற்று.

இன்று உலகை இணைக்கும் இணையமும் இத்தகைய உடன்பாட்டினாலேயே இயங்குகின்றது. நாம் அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புவோர் முகவரி எவ்விடத்தில், பெறுவோர் முகவரி எவ்விடத்தில் என்பதை 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த 791ஆம் இலக்க ஆவணம் வரையறுத்தது. பொதிகளின் ஒழுங்கையும் இழப்பையும் கவனிக்கும் நெறி 793ஆம் இலக்கத்தது. 2022இல் 9293ஆம் இலக்க ஆவணம் அதனிடத்தைப் பெற்றது. எந்நாட்டில் எவர் செய்த கருவியாயினும் இந்நெறிகளுக்கு அமைந்தாற்றான் ஒன்றோடொன்று பேசும்.

இவற்றை இயற்றியோர் யார்? ஆட்சியாளரல்லர். இவ்வாவண வரிசையின் முதலாவதை 1969ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் எழுதிய ஸ்டீவ் குரொக்கர் அப்பொழுது ஒரு பல்கலைக்கழக மாணவர். கட்டளை என்று பெயரிடாது ‘கருத்துரை கோரல்’ என்றே அவ்வரிசைக்குப் பெயரிட்டனர். கோப்புக்களை இடமாற்றும் நெறியை 114ஆம் இலக்க ஆவணமாக 1971இல் எழுதியவர் கான்பூர்த் தொழினுட்பக் கழகத்தில் முதலணியிற் கற்றுத் தேறிய அபய் பூஷண். இன்றும் இந்நெறிகளை ஆக்கும் இணையப் பொறியியற் செயற்பணிக் குழுவிலே உறுப்புரிமைக் கட்டணமில்லை. மின்னஞ்சல் வழியே எந்நாட்டாரும் கருத்துரைக்கலாம். ஆவணங்கள் யாவும் இலவசம்.

கதவு திறந்திருக்கவும் நாம் வெளியே நிற்றல் தகுமா? நில்லாமையால் வரும் நட்டத்தை நம் மொழியே அறியும். 1991இல் ஒருங்குறி வெளிவந்தபோது, தமிழெழுத்துக்களின் அடைவு 1988ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயத்தைத் தழுவி அமைந்தது. அது தமிழுக்குப் பொருந்தாதெனப் பின்னர் அறிஞர் பலர் முறையிட்டனர்; 2010இல் தமிழ்நாட்டரசு வேறொரு குறியேற்றத்தையும் ஏற்று அறிவித்தது. ஆயின் ஒருங்குறியில் ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை இடம்பெயர்ப்பதில்லை என்பது விதி. முடிவுக்குப் பின் எழும் குரல் எத்துணை நியாயமாயினும் பயன் குறைந்ததே.

இடையறாது முயன்றோர் பெற்ற பயனும் உண்டு. இணையப் பெயர்களில் ஆங்கிலமல்லாத எழுத்துக்கள் வழங்கும் நெறி 2003இல் வகுக்கப்பட்டது, 2010இல் ‘.இலங்கை’ என்னும் மேல்நிலைப் பெயர் நம் நாட்டுக்குக் கிடைத்தது. மின்னஞ்சல் முகவரியும் தமிழில் அமையலாமென 2012இல் நெறி பிறந்தது. எனினும் தமிழ் முகவரியை ஏலாத படிவங்கள் இன்றும் பல. நெறி ஏட்டிலிருந்தும் செய்வோர் அறியாமையால் அது வழக்கில் இல்லை.

வண்டியேறுவோரெல்லாம் பொறி நுட்பம் அறிய வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். எல்லாரும் அறிய வேண்டியதில்லை. ஒரு சமூகத்தில் சிலரேனும் அறியாதிருப்பின் அச்சமூகம் என்றும் பிறர் வண்டியிலே பயணியாகவே இருக்கும். பாமினி எழுத்துருவில் நாம் தட்டச்சிட்ட பழைய மலர்களை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறப்பின், ஆங்கில எழுத்துக்களும், மெய்யின் புள்ளி நிற்குமிடத்தில் அரைப்புள்ளியுமே தோன்றும். பொது அளவைப் புறக்கணித்தோர் எழுத்து அவர் பிள்ளைகளுக்கும் பயன்படாது போம்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கல்லூரி நூலகம் இவ்வாவணங்களிற் சிறந்தவற்றை அச்சிட்டு வைத்தல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் தவணைக்கொன்றாக ஆசிரியர் துணையுடன் அவற்றைக் கற்றல் வேண்டும். 1980இல் வெளிவந்த 768ஆம் இலக்கம் மூன்றே பக்கம், அதனினின்று தொடங்கலாம். பொறியியற் றுறையிலுள்ள பழைய மாணவர், தமிழ் பற்றிய வரைவு எழுமிடமெல்லாம் தம் கருத்தை உரிய காலத்தில் எழுதுதல் வேண்டும்.

விழாக்கள் சென்றதைப் போற்றுதற்கு மட்டுமல்ல. அளக்கப்படுவோராய் மாத்திரம் இராது, அளவை வகுப்போர் அவையிலும் நம் கல்லூரி மைந்தர் அமர்வாராக.