நாய்க்கு மனுஷன் கணக்கா?

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. அடுக்கத்துல கொஞ்சம் காப்பி, நாலு பட்டர் ஃப்ரூட் மரம், ஒரு நாய் வச்சிருக்கிற ஆசாமி. "உனக்கு எதுக்குய்யா வைத்தியப் பேச்சு"ன்னு கேக்கறவங்க இப்பவே கழண்டுக்கலாம். என் நாயோட இடது கண்ணு போயிருச்சு. அதனால பேசத்தான் செய்வேன்.

மணி, சிப்பிப்பாறைக் கலப்பு. ஆறு வயசு, 18 கிலோ. காட்டுமாடு தோட்டத்துக்குள்ள வந்தா ஊரையே எழுப்புற பய, திடீர்னு திண்ணையை விட்டு எறங்க மாட்டேன்னுட்டான். வால்ல முடி கொட்டுது, ஆளு சோந்து கெடக்கான். அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் அரிப்புக்குன்னு ஒரு ஊசி போட்டிருந்தோம். அந்த ஊசிக்கு இந்தக் கதையில முக்கியமான வேஷம் உண்டு, ஞாபகம் வச்சுக்கங்க.

ரத்தம் எடுத்து கீழ ஒரு லேபுக்கு அனுப்பினாங்க. மனுஷங்களுக்கான லேப். சீட்டு வந்துச்சு. டி4 1.3, பக்கத்துலயே கொட்டை எழுத்துல 'லோ'. இயல்பு அளவு 5-லேர்ந்து 12 வரைக்குமாம். "தைராய்டு சார், ஆயுசுக்கும் மாத்திரை"ன்னு 25 மைக்ரோகிராம் எழுதிக் குடுத்தாச்சு. நானும் தினம் காலையில இட்லிக்குள்ள வச்சு ஊட்டினேன். அஞ்சு மாசம்!

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த 5-லேர்ந்து 12 இருக்கே, அது மனுஷனோட கணக்கு. நாய்க்கு டி4 சுமாரா 1-லேர்ந்து 4 மைக்ரோகிராம் இருந்தாலே போதும். ஆக, நல்லா ஓடியாடித் திரியிற எந்த நாயோட ரத்தத்தை அங்க குடுத்தாலும் 'லோ'ன்னுதான் அடிக்கும். கோம்பை, ராஜபாளையம், தெரு நாய், அமைச்சர் வீட்டு நாய் எல்லாம் லோ! இது வியாதியைக் கண்டுபிடிக்கிறதா, ஜோசியமா?

இதுல இன்னொரு கூத்து, டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பி சோம்பேறி ஆனா அதைத் தட்டி எழுப்ப மூளைப்பக்கம் இருக்கிற பிட்யூட்டரி அனுப்புற ஓலைதான் டி.எஸ்.எச். மனுஷனுக்கு வச்சிருக்கிற டி.எஸ்.எச் சோதனை நாயோட டி.எஸ்.எச்சை ஒழுங்கா அடையாளமே பிடிக்காது. நாய்க்குன்னே தனிச் சோதனை இருக்கு. அதைப் பண்ணினாக்கூட, நெஜமாவே தைராய்டு படுத்துப்போன நாய்கள்ல சுமார் நாலில் ஒண்ணுக்கு டி.எஸ்.எச் ஏறாமலே இருக்கும். அதனாலதான் டி4, நாய் டி.எஸ்.எச், ஃப்ரீ டி4 மூணையும் நாயோட லட்சணத்தையும் சேத்து வச்சுப் பாக்கணும்னு வெவரம் தெரிஞ்சவங்க தலையில அடிச்சுக்கறாங்க.

சரி, நாய் கணக்குப்படியே டி4 கம்மியா இருக்குன்னு வைங்க. அப்பவாவது தைராய்டா? அதுவும் இல்லீங்க. உடம்புல வேற பெரிய வியாதி இருந்தா டி4 தானா எறங்கிக்கும். வீட்டுல கஷ்டம்னா முதல்ல வெளக்கைக் கொறைக்கிற மாதிரி உடம்பு செலவைக் கொறைச்சுக்குது, அம்புட்டுதான். சுரப்பி நல்லாத்தான் இருக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் எறங்கும் (மணிக்குப் போட்ட அரிப்பு ஊசி அதுதான்). வலிப்புக்குக் குடுக்கிற ஃபீனோபார்பிட்டால் குடுத்தாலும் எறங்கும். இதெல்லாம் போக, கிரேஹவுண்ட், சலூக்கி, விப்பெட் மாதிரி ஒல்லி வேட்டை நாய்களுக்குப் பொறப்புலயே டி4 கம்மி. நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் அதே வார்ப்பு. அதுங்களோட சீட்டைப் பாத்து மாத்திரை எழுத ரெண்டு தடவை யோசிக்க வேணாமா?

மணிக்கு இருந்தது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா. மூக்குல ரத்தம் வந்த அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. பெரியகுளத்துக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரத்தத்துல தட்டணு பாதாளத்துல கெடந்துச்சு. டாக்ஸிசைக்ளின் 28 நாள். பொழைச்சுக்கிட்டான், வால்ல முடியும் வந்துருச்சு. ஆனா அதுக்குள்ள இடது கண்ணு உள்ளுக்குள்ளயே வெந்து வெளுத்துப்போச்சு. தட்டணு எண்ணிப் பாக்குற சாதா ரத்தப் பரிசோதனையை அன்னைக்கே பண்ணியிருந்தா? அது டி4-ஐ விட செலவு கம்மி மக்களே.

"அப்ப நாய்க்குத் தைராய்டே வராதுங்கறியா?"ன்னு ஒருத்தர் மல்லுக்கு நிக்கலாம். வரும்! பக்கத்துத் தோட்டத்து அண்ணனோட லேப்ரடார் ஜிம்மிக்கு வந்துச்சே. அங்க கதை தலைகீழ். 28 கிலோ நாய் 34 ஆச்சு, சாப்பாடு என்னவோ பழைய அளவுதான். ரெண்டு விலாவுலயும் ஒரே மாதிரி சொட்டை, சொறியவே சொறியாது. எலி வால். மூஞ்சி தொங்கி அழுவுற மாதிரி ஒரு பார்வை. மத்தியான வெயில்லயும் அடுப்படியை விட்டு நகராது. "நல்லா கொழுத்துருச்சு தம்பி, வயசாச்சுல்ல"ன்னு அண்ணன் ஒண்ணரை வருசம் ஓட்டினாரு.

நடுவுல ஒரு பெரியவர் வந்து, மலையில அயோடின் பத்தாது, உப்பைக் கூடப் போடுங்கன்னார். மலைநாட்டு சனத்துக்கு அயோடின் கொறைஞ்சு கழுத்துல கழலை வந்தது நெசம்தான். காங்க்ராப் பள்ளத்தாக்குல ராமலிங்கசுவாமி குழு 1950கள்ல அதுக்கு உப்பை வச்சே வழி காட்டினாங்க. ஆனா நாய்க்கு இந்த வியாதி வர்றது பெரும்பாலும் உடம்போட எதிர்ப்புசக்தியே சுரப்பியை அரிச்சுடறதால, இல்லாட்டி அது தானா சுருங்கிப் போறதால. இல்லாத சுரப்பிக்கு உப்பு போட்டு என்ன பண்றது?

மணி விஷயத்துல சூடு கண்ட நான்தான் ஜிம்மியை எறக்கிட்டுப் போகச் சொன்னேன். கொலஸ்ட்ரால் 500-ஐத் தாண்டி, டி4 அரைக்கும் கீழ, நாய் டி.எஸ்.எச் ஏகத்துக்கும் ஏறி. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுது. அதுக்குப் பேருதான் கண்டுபிடிக்கிறது.

மருந்து அளவுலயும் இதே மனுஷக் கணக்குதான் கழுத்தறுக்குது. லீவோதைராக்ஸின் மனுஷனுக்கு ஒரு கிலோவுக்கு ஒண்ணரை மைக்ரோகிராம் சொச்சம், ஒரு நாளைக்கு. நாய்க்குக் கிலோவுக்கு 20, அதுவும் பெரும்பாலும் ரெண்டு வேளை. நாய் குடல் அதைச் சரியா உறிஞ்சாது, உறிஞ்சினதையும் சீக்கிரம் வெளிய தள்ளிடும். ஜிம்மிக்கு 100 மைக்ரோகிராம் மாத்திரை வேளைக்கு ஆறு. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பாத்து, "யாருக்கு சார், யானைக்கா?"ன்னார். மணிக்கு நான் ஊட்டின 25 இருக்கே, நெஜமாவே தைராய்டு இருந்திருந்தாக்கூட அது சுண்டைக்காய். ஆக தப்பான வியாதிக்கு, தப்பான அளவுல, சரியான நேரத்துக்கு மாத்திரை குடுத்திருக்கேன்!

"குடுத்துத்தான் பாப்போமே"ங்கறவங்களுக்கு: தைராய்டு நல்லா இருக்கிற நாய்க்கும் இந்த மாத்திரை முடியை வளர்த்துவிடும். கொஞ்சம் துள்ளவும் வைக்கும். ஆஹா தைராய்டுதான்னு நீங்க கொண்டாடுவீங்க. முழு அளவு குடுத்தா நாயோட சொந்தச் சுரப்பி தூங்கப் போயிரும். அப்புறம் ஆறு எட்டு வாரம் மாத்திரையை நிறுத்தினாத்தான் உண்மை தெரியும். இருதயம் பலவீனமான நாயா இருந்தா பேசவே வேணாம்.

"எல்லாச் சோதனையும் பண்ண மலையில எங்க போவாங்க?" இந்தக் கேள்வி நியாயமானது. எங்க ரோடு மழையில சரிஞ்சா கும்பக்கரைப் பக்கமும் எறங்க முடியாது, பெருமாள்மலைப் பக்கமும் ஏற முடியாது. ஆனா செலவில்லாததை முதல்ல செய்யலாமே? உண்ணி இருக்கா பாருங்க. நெஞ்சுல கை வச்சுத் துடிப்பை எண்ணுங்க, தைராய்டுல அது மெதுவாத்தான் ஓடும். முடி கொட்டின எடத்துல தோலைச் சுரண்டிப் பூச்சி பாக்கச் சொல்லுங்க. ரத்த அணு, கொலஸ்ட்ரால் பாருங்க. கடைசியா என்ன ஊசி போட்டீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. டி4 இதுக்கெல்லாம் அப்புறம்.

அந்த லேபுக்குப் போய்ச் சண்டை போட்டேன். நாய்னு தெரிஞ்சும் மனுஷன் அளவை ஏன் அடிக்கிறீங்கன்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல ஆண், பெண், குழந்தை மூணுதான் சார் இருக்குன்னாங்க. சீட்டைத் திருப்பிப் பாத்தேன். மணி, ஆண், வயசு 6.

நாளைக்கு ஜிம்மிக்கு மறுசோதனை. காலையில ஆறு மணிக்கு மாத்திரை, நாலு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கணும். பத்து மணிக்குப் பெரியகுளத்துல நிக்கணும். ராத்திரி மழை வராம இருக்கணும்.