ஒருவர் இல்லையென்றால் பட்டியல் முடிந்துவிட்டதா?

கணினித் துறை நண்பர்களே, மற்றத் துறையினரும் சற்றுப் பொறுத்துப் படியுங்கள். இது சம்பள விவகாரமும்கூட.

கடந்த ஆண்டு ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி மேற்கொண்டபோது, துப்புரவுப் பணியாளர்கள் 31 பேரின் ஓவர்டைம் சம்பளத்தைக் கணக்கிட மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரு ஸ்டோர்ட் புரொசீஜர் எழுதினேன். கர்சர் பட்டியலிலிருந்து ஒவ்வொருவராக எடுக்கும். செலக்ட் இன்டூ கட்டளை அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைத் தேடும். எடுக்க இனி ஆளில்லை என்றதும் ‘தரவு இல்லை’ எனும் 1329 குறி எழும். அதற்கு ஒரு நாட் ஃபவுண்ட் ஹேண்ட்லர் அமைத்து, ‘முடிந்தது’ என்று குறித்துச் சுழலை விட்டு வெளியேறுவதே நாம் கற்ற முறை.

சோதனை ஓட்டம் பிழையின்றி முடிந்தது. கணக்குப் பிரிவு அக்காதான், “தம்பி, 13 பேர்தான் இருக்காங்க, மத்தவங்க எங்க?” என்று கேட்டார்.

13ஆவது பணியாளரின் வங்கிக் கணக்கு பதிவாகவில்லை. செலக்ட் இன்டூவுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அதே 1329தான் எச்சரிக்கையாக எழும். என் ஹேண்ட்லருக்கு வேறுபாடு தெரியவில்லை. மீதி 18 பேரையும் விட்டுவிட்டது. அதைவிடக் கொடுமை, பலனற்ற தேடல் மாறியின் பழைய மதிப்பை அழிப்பதில்லை. ஆகவே 13ஆமவரின் பணம் 12ஆமவரின் கணக்கில் ஏறியிருந்தது!

தமிழ்ப்பள்ளியில் பெயர் அழைக்கும்போது “உள்ளேன் ஐயா” என்ற குரல் வராவிட்டால், ஆசிரியர் ‘வரவில்லை’ என்று குறித்து அடுத்த பெயரை அழைப்பார். பதிவேட்டையே மூடிவிட மாட்டார். ஏழு வயதில் தினமும் பார்த்ததை என் நிரலில் எழுதத் தவறினேன்.

எச்சரிக்கைகள் அனைத்தையும் விழுங்கும் ஹேண்ட்லர் ஒன்றைப் போட்டால் தொல்லை விட்டது என்பார்கள் சில மூத்த மாணவர்கள். எனக்கு உடன்பாடில்லை. உள்தேடலைத் தனி பிகின்-எண்ட் தொகுதியில் வைத்து, அதற்கென ஒரு ஹேண்ட்லர் எழுத வேண்டும். தேடுமுன் மாறியை வெறுமையாக்க வேண்டும். (லெஃப்ட் ஜாயின் போட்டிருந்தால் கர்சரே தேவைப்பட்டிருக்காது என்பது பிறகுதான் உறைத்தது!)

நம் செய்முறை வகுப்புகளின் மாதிரித் தரவில் எல்லோருக்கும் எல்லா விவரமும் இருக்கும். வெளியுலகில் அப்படியில்லை. விவரம் விடுபட்டவர் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர், எதிர்த்துக் கேட்கத் தயங்குபவர். வகுப்பிலேயே குறையுள்ள ஒரு வரியையாவது வேண்டுமென்றே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

திருத்திய பின் 30 பேருக்குத் தொகை சரியாக வந்தது. ஒருவருக்கு ‘கணக்கு இல்லை’ என்று வந்தது. அக்கா உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.