தாலியைக் கழற்றினால் இரட்சிப்பு வந்துவிடுமா?

மலேசியாவின் செலாயாங்கில் கடைவீட்டு மாடிகளில் நடக்கும் ஜெபக்கூடங்களுக்குப் போய்வந்த யாருக்கும் இந்தப் பிரசங்கம் புதிதல்ல. தாலி, பொட்டு, பூ, மஞ்சள், பொங்கல் எல்லாம் புறஜாதியாரின் பழக்கம், இரட்சிக்கப்பட்டவர்கள் அவற்றை விட்டு வெளியே வர வேண்டும் என்பார்கள். ஞானஸ்நானத்துக்கு முன் கழற்றச் சொல்கிறார்கள். கல்யாணம் பேசும்போது தாலி கிடையாது என்று முதலிலேயே நிபந்தனை போடுகிறார்கள். வருடக்கணக்காக இதைக் கேட்டுப் பொறுத்தாயிற்று. நானும் விசுவாசிதான், அதே வேதத்தைத்தான் வாசிக்கிறேன். அந்த உரிமையில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதல் குற்றச்சாட்டு: தாலி வேதத்தில் இல்லை, அது புறஜாதியாரிடமிருந்து வந்தது.

வேதத்தில் இல்லைதான். மோதிரம் மாற்றிக் கல்யாணம் செய்வது மட்டும் வேதத்தில் எங்கே இருக்கிறது? அது ரோமர்களின் வழக்கம். ஜூபிட்டரையும் ஜூனோவையும் கும்பிட்டவர்கள் நிச்சயத்துக்கு இரும்பு மோதிரம் கொடுத்தார்கள், பிறகு பொன் மோதிரம் கொடுத்தார்கள். சபை அதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. மணப்பெண்ணின் முகத்திரையும் ரோமப் பெண்கள் போட்டதுதான். வெள்ளை கவுன் அப்போஸ்தலர் காலத்து உடையல்ல. 1840-இல் விக்டோரியா மகாராணி தம் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்திய பிறகுதான் அது உலகெங்கும் பரவியது. பெண் உள்ளே வரும்போது கீபோர்டில் வாசிக்கும் அந்த மெட்டு, வாக்னரின் 1850-ஆம் ஆண்டு இசைநாடகத்தில் வருவது. அந்த நாடகத்தில் மணமக்கள் கல்யாண இரவிலேயே பிரிந்துவிடுகிறார்கள். ஜோடி வெளியே போகும்போது வாசிக்கும் மெட்டை மெண்டல்சன் 1842-இல் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்துக்காக அமைத்தார். வனதேவதைகள் உலாவும் நாடகம் அது. இவை எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் நடத்திவிட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு சிலுவையைப் பார்த்துப் பிசாசின் அடையாளம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

பிறப்பிடம்தான் சோதனை என்றால் அந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் வையுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தது கழுவப்பட்டுவிட்டது, தஞ்சாவூரிலிருந்து வந்தது கறைபட்டே இருக்கிறது என்பது சுவிசேஷமல்ல. அது நம் மீதே நமக்குள்ள வெட்கம்.

தாலிப் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. 1703-இல், பின்னாளில் கர்தினாலான தூர்னோன் ரோமாபுரியின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1704-இல் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கங்களில் பலவற்றைத் தடை செய்தார். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த அந்த மனிதரே தாலியை ஒழிக்கச் சொல்லவில்லை. பிள்ளையார் உருவம் பதித்த தாலி கூடாது, அதற்குப் பதில் சிலுவையோ இயேசுவின் உருவமோ மாதாவின் உருவமோ இருக்கட்டும் என்றுதான் ஆணையிட்டார். ஆக, சிலுவைத் தாலிக்கு வயது முந்நூறுக்கு மேல். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மின்னு கட்டுகிறார்கள். இலை வடிவத் தங்கத்தில் மணிகளைச் சிலுவையாகப் பதித்து, மணப்புடவையிலிருந்து எடுத்த ஏழு இழையில் கோத்து, மணமகன் கட்டுவான். தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் குடும்பங்களிலும் திருநெல்வேலிச் சபைகளிலும் தாலி கட்டித்தான் கல்யாணம் நடக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 1924-இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்தைக் கட்டியவர்கள் இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த இப்படிப்பட்ட விசுவாசிகள்தான். இத்தனை தலைமுறையும் இருளில் கிடந்து, வெளிச்சம் நம் மாடிக்கு மட்டும் இப்போது வந்ததா?

தாலி பெண்ணுக்கு அடிமைச் சின்னம் என்று சொல்லி மறுப்பவர்கள் உண்டு. சுயமரியாதை இயக்கம் அப்படித்தான் சொன்னது. 1967-இல் தமிழகத்தில் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டம் செய்தது. அது மதிக்கத்தக்க வாதம். ஆனால் நம் பிரசங்கிகள் பெண் விடுதலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கயிற்றை மட்டும் எடுத்துவிட்டு, மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுப் பிரசங்கிக்கிறார்கள்.

இரண்டாவது: பொட்டும் பூவும்.

என் அத்தை தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் தாலியில் இருந்த சின்னச் சிலுவை பால்மரத்து வேலையில் தேய்ந்து முனை மழுங்கியிருந்தது. சபையில் வற்புறுத்தியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாலியையும் கழற்றினார், பொட்டையும் அழித்தார், பூ வைப்பதையும் விட்டார். அந்த வாரமே பாசாரில் பழைய தோட்டத்துக்காரம்மா ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னக்கா, அண்ணன் எப்போ தவறினாரு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே” என்று அழுதுவிட்டார். மாமா அப்போது காய்கறிப் பையோடு நாலு கடை தள்ளி நின்றுகொண்டிருந்தார். தமிழர் நடுவில் பொட்டும் பூவும் தாலியும் இல்லாத நெற்றியும் கூந்தலும் கழுத்தும் என்ன சொல்லும் என்பதை யோசிக்காமல்தான் இந்தக் கட்டளைகள் வருகின்றன. கணவன் உயிரோடு இருக்கும் பெண்ணைக் கைம்பெண்ணாகக் காட்டுவது எந்தச் சாட்சி? கழற்ற வேண்டியவள் எப்போதும் பெண்தான் என்பதையும் கவனியுங்கள். ஊர் பார்க்க அன்றாடம் அணிந்து, கழற்றச் சொல்லும்படியான எதுவும் ஆணிடம் இல்லை.

மூன்றாவது: அவிசுவாசியோடு பந்தம் கூடாது. பவுலின் அந்த வசனத்தை வைத்து, இந்துவான அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகாதே என்று தடுப்பது பவுல் சொல்லாதது. அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போய் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்று சொன்னவரும் அவரேதான்.

நான்காவது: பொங்கல்.

2020 ஜனவரியில் கல்வி அமைச்சிலிருந்து பள்ளிகளுக்கு ஒரு கடிதம் போனது. பொங்கல் இந்து சமய விழா, முஸ்லிம்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். நாடே கொந்தளித்தது. பொங்கல் தமிழர் எல்லாருக்கும் பொதுவான அறுவடைத் திருநாள் என்று நம்மவர்கள் மேடைக்கு மேடை முழங்கினார்கள். அந்தக் கடிதம் சொன்னதைத்தானே நம் ஜெபக்கூடங்கள் பல வருடமாகச் சொல்லி வருகின்றன? கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் முற்றத்தில் பானை வைத்துப் பொங்கி ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார்கள். விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் பண்டிகைகள் இஸ்ரவேலருக்கும் இருந்தன. அதை வாசித்துக் காட்டும் அதே வாய் அரிசிப் பானையைப் பார்த்து ஏன் பதறுகிறது?

ஐந்தாவது: அரசியலும் சட்டமும் உலகத்தின் காரியம், விசுவாசிக்கு ஜெபம் போதும்.

2010 ஜனவரி 8 அன்று, கிறிஸ்தவர்களும் ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கின் தீர்ப்பை ஒட்டி, டேசா மெலாவாத்தியில் மெட்ரோ தபெர்னாக்கல் சபைக்குத் தீ வைத்தார்கள். செலாயாங்கிலிருந்து அது எத்தனை தூரம்? பாஸ்டர் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா சாலையில் கடத்தப்பட்டார். போலீசின் சிறப்புப் பிரிவுக்கு அதில் பங்கிருந்தது என்று 2019-இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் அறிவித்தது. அந்த உண்மையை வெளியே கொண்டுவந்தது அவருடைய குடும்பமும் வழக்கறிஞர்களும் பொது விசாரணையும். அவர்கள் ஜெபித்தார்கள், வழக்கும் போட்டார்கள்.

மேடையில் உயர்த்திப் பேசும் கிறிஸ்தவக் கல்யாணமே சட்டத்தில்தான் நிற்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம்தான் முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொதுவாக ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கியது. பதிவையும் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மணமக்கள் தங்கள் சமயம், வழக்கம், மரபு ஆகியவற்றின்படி சடங்கு செய்து மணம் முடிக்க இடம் தருகிறது. நாடாளுமன்றம் தமிழனுக்கு விட்டுக்கொடுத்ததைச் சபை பறிக்கிறது.

அப்படியானால் தாலி கட்டாயமா? இல்லை. வேண்டாம் என்று மணமக்கள் முடிவெடுத்தால் அது அவர்கள் இஷ்டம். இன்னொரு தெய்வத்தை வணங்கினால் தவறு, தமிழனாக வாழ்வது தவறல்ல. புறஜாதியார் யூதராக மாறத் தேவையில்லை என்று எருசலேமில் அப்போஸ்தலர்கள் முடிவு செய்தார்கள். நாம் வெள்ளைக்காரராக மாறத் தேவையில்லை என்பதும் அதே முடிவுதான்.

உண்மையில் கழற்ற வேண்டியவை வேறு இருக்கின்றன. வரன் பார்க்கும்போது சபைக்குள்ளேயே தாழ்ந்த குரலில் சாதி விசாரிக்கிறோம். வட்டிக்கடன் வாங்கி ஆடம்பரமாக மண்டபம் பிடிக்கிறோம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் பெண்ணைத் திரும்ப அனுப்பி வைத்துப் பொறுமையைப் போதிக்கிறோம். பாஸ்டர்மாரே, அடுத்த ஜோடி உங்களிடம் வரும்போது பெண்ணின் கழுத்தைப் பார்ப்பதற்கு முன் மாப்பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: குடிப்பாயா, கை நீட்டுவாயா, கடன் எவ்வளவு? அதற்குச் சரியான பதில் வாங்கிவிட்டு, பதிவிலாகாவில் கையெழுத்தும் வாங்கிவிட்டு வாருங்கள். தாலியைப் பற்றி அப்புறம் பேசலாம்.